ஆறுச்சாமி மாமாவின் தோப்பில் ராக் கச்சேரி

சாயங்காலம் ஆறே கால் மணிக்கு என் வருங்கால மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தூங்குகிற மனிதரால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மனுஷன் ரசித்துக் கண்ணை மூடிவிட்டார் என்று உள்ளுக்குள் பூரித்துக்கூடப் போனேன். தனக்குப் பிடித்த பாட்டை அடுத்தவருக்கும் பிடிக்க வைத்தே தீருவேன் என்று கிளம்புகிறவனைப்போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. அந்த வயதில் நான் அப்படிப்பட்ட ஆளாக இருந்தேன்.

நடந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு நடுக்கம் போகவில்லை. போன மாதம் என் மகள் பெங்களூரில் ஏதோ கச்சேரிக்குப் போகவேண்டும் என்றாள். யாரோடு போகிறாய், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய் என்று எல்லா அப்பாக்களும் கேட்பதைக் கேட்டு முடித்துவிட்டு, நான் மேற்கொண்டு இரண்டு கேட்டேன்.

"மேடையில புகை போடுவாங்களா?"

"போடுவாங்கப்பா."

"பக்கத்துல காடு ஏதாச்சும் இருக்குதா?"

"அப்பா, அது ஸ்டேடியம்."

"சரி. ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல?"

அவள் எழுந்து போய்விட்டாள். (போகட்டும். பட்டவனுக்குத்தான் தெரியும்.)

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். துடியலூரில் வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு டேப் ரிக்கார்டர். பகலில் மோட்டார் சத்தம். ராத்திரியில் இங்கிலாந்துக்காரர்கள் இருபது வருஷத்துக்கு முன்னால் போட்டுவிட்டுப்போன ராக் ஆல்பங்கள். மூன்று நிமிஷத்தில் காதலித்து, அழுது, முடித்துக்கொள்கிற பாட்டுகள் இல்லை. ஒரு பாட்டு என்றால் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். காற்றுச் சத்தத்தில் ஆரம்பிக்கும். நிதானமாக ஒரு கிதார் வரும். நடுவில் புயலடிக்கும். அப்புறம் எல்லாம் அடங்கி, மழை விட்ட ஆகாயம் மாதிரி ஒரு கடைசிப் பகுதி வரும். அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் மற்ற எல்லாமே. அதைக் கேட்காமல் எழுந்து போகிறவன் கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டுவதற்கு முன்னால் பந்திக்குப் போகிறவன் என்பது என் அந்தக் காலத்துச் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஊரில் ஆதரவு இல்லை. காந்திபுரத்தில் எனக்குக் கேசட் பதிந்து கொடுத்த கடைக்காரர் ரொம்பவும் நல்லவர். என்னை நினைத்து மெய்யாகவே வருத்தப்பட்டார். "ஏனுங்க, கேசட்டுக்குப் பன்னண்டு பாட்டு வருமுங்க. இதுல ரெண்டே ரெண்டு இருக்குது. உங்களை எவனோ ஏமாத்திப்போட்டானுங்க" என்றார். வீட்டில் அம்மா, முதலில் வரும் காற்றுச் சத்தத்தைக் கேட்டவுடனே கேசட் கெட்டுப்போய்விட்டது என்று அணைத்துவிடுவார். அப்பா ஒரே ஒரு தடவை பாதிவரை கேட்டுவிட்டு, "எப்ப பாட ஆரம்பிப்பாங்க?" என்றார்.

என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் ஸ்டீபன். மதுக்கரையில் சிமெண்டு பாக்டரிக்குப் பக்கத்தில் வீடு. அவன் டிரம்ஸில் ஓங்கி ஓர் அடி அடித்தால் சிமெண்டுத் தூசி பறக்கும் என்று கேலி செய்வோம். அவனும் அவன் கல்லூரிச் சிநேகிதர்கள் மூன்று பேரும் சேர்ந்து, எங்கள் அபிமான ஆல்பம் ஒன்றை ஓர் எழுத்து விடாமல் அப்படியே மேடையில் வாசிப்பதற்காக வருஷக்கணக்கில் பழகியிருந்தார்கள். அசல் குழு கோயமுத்தூருக்கு வரப்போவதில்லை. அவர்களுக்குச் செலுத்துகிற காணிக்கை மாதிரி இது. மண்டபம் பிடித்தாயிற்று, கல்லூரிகளில் போஸ்டர் ஒட்டியாயிற்று. கச்சேரி நடக்கவேண்டிய வாரத்தில் மண்டபத்துக்காரர், அதே தேதியில் பெரிய இடத்துக் காதுகுத்து வந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்.

இந்த இடத்தில் என் கல்யாண விஷயத்தைச் சொல்லவேண்டும்.

எனக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பெண் பார்த்து, உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் முடிந்திருந்தது. தை மாதம் கல்யாணம். பெண் பெயர் சுமதி. பெண் பார்க்கப் போனபோது அவளிடம் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"உங்களுக்குப் பாட்டெல்லாம் பிடிக்குங்களா?"

"பிடிக்குங்க."

அவ்வளவுதான். எந்த மாதிரிப் பாட்டு, எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் அன்றைக்கே சோலி முடிந்திருக்கும்.) ஆனால் அந்தக் கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அம்மா மாதிரி இவளும் காற்றுச் சத்தத்திலேயே டேப்பை அணைத்துவிட்டால்? வாழ்நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா?

சுமதியின் அப்பா ஆறுச்சாமி மாமா தங்கமான மனுஷர். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. மண்டபம் போன கதையை அவரிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன்.

"அதுக்கென்னங்க மாப்ள, நம்ம தோப்பு சும்மாதானுங்க கெடக்குது" என்றார்.

கொங்கு நாட்டில் பிறந்த எவனுக்கும் இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று தெரியும். "இருக்கட்டுங்க மாமா, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று சொல்லவேண்டும். அவர் "சிரமம் என்னங்க?" என்பார். நாம் மறுபடியும் "பரவாயில்லீங்க" என்போம். இப்படி இரண்டு மூன்று சுற்று மரியாதை நடந்து, அந்த யோசனை யார் மனமும் நோகாமல் இயற்கை மரணம் அடையும். அவர் சொன்னது உபசாரம். நான் சொல்லவேண்டியிருந்தது மறுப்பு.

நான், "எத்தனை மணிக்கு வரலாங்க மாமா?" என்றேன்.

அவர் முகம் அரைக்கணம் அப்படியே நின்றது. ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? "வெளிச்சத்துலயே வந்துருங்க. சத்தம் பலமா இருக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க மாமா. அமைதியான பாட்டுங்க. கண்ணை மூடிட்டு கேக்கலாமுங்க."

இந்த வாக்கியத்தைக் கல்லில் வெட்டி என் தலைமாட்டில் வைக்கவேண்டும்.

அந்தக் கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கு நாற்பது பேர்போல வந்திருந்தார்கள். கறுப்புச் சட்டை போட்ட கல்லூரிப் பையன்கள், பொள்ளாச்சியிலிருந்து பஸ் மாறி வந்த ஒரு பேங்க் ஆபீசர். ஆறுச்சாமி மாமா வீட்டு விசேஷம்போலவே நடத்தினார். ஒவ்வொருவரையும் கை கூப்பி, "வாங்க, வாங்க, காப்பி குடிச்சீங்களா?" என்றார். முதுகில் மண்டை ஓடு வரைந்த பையனுக்கும் அதே மரியாதை. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் போண்டா சுற்றி வந்தது. மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்தேன் (பம்பு கம்பெனிக்காரன் அல்லவா). கல்யாணத்துக்கு முன்னால் பெண் வெளியே வந்து நிற்பது முறையில்லை என்பதால் சுமதி தோப்பின் மறுகோடியில் இருந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். போகட்டும், காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது. அவள் காதில் விழவேண்டும் என்று ஸ்பீக்கரைச் சற்றே வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன்.

மேடைக்குப் புகை வேண்டும் என்பது ஸ்டீபனின் பிடிவாதம். அசல் குழு புகைக்கு நடுவில்தான் வாசிக்குமாம். புகை மிஷினுக்கு நாங்கள் எங்கே போவது? தேங்காய் மட்டையைக் குவித்து, நாலு இரும்புச் சட்டியில் போட்டுப் பற்ற வைத்தோம். பந்தல்காரரிடம் வாங்கிவந்த போகஸ் லைட்டுகளை ஒருவன் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்க ஏற்பாடு.

பாட்டு ஆரம்பித்தது. காற்றுச் சத்தம். அப்புறம் கிதார், ஒவ்வொரு சொட்டாக. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. தென்னை ஓலைகூடத் தாளம் தப்பாமல் அசைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஆறுச்சாமி மாமா முன் வரிசையில், நான் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார். ஆறே காலுக்கு மெல்லிய குறட்டை வந்தது.

இனி பாட்டின் நடுவில் வரும் அந்தப் புயலுக்குள் போகவேண்டும். போனோம்.

ஸ்டீபன் இரண்டு கையாலும் இறங்கினான். கீபோர்டுக்காரன் ஊதுகுழல் சத்தத்தை வைத்து ஒரு பிளிறு பிளிறினான். லைட்டுகள் பளிச் பளிச்சென்று வெட்டின. சட்டிகளிலிருந்து புகை மண்டி எழுந்தது. ரசிகர்கள் ஊ என்று கத்தினார்கள்.

மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். எனக்குத் தெரியவில்லை. இருட்டுகிற நேரத்தில் தோட்டத்துக்குள் யானை புகுந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? தகரத்தைப் போட்டு அடிப்பார்கள். டார்ச்சை அணைத்து அணைத்து அடிப்பார்கள். தீ மூட்டிப் புகை போடுவார்கள். கூச்சல் போடுவார்கள். இவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காவிட்டால் ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். யானைக்கு மட்டும் யாரும் யாரையும் அழைப்பதில்லை. சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் ஓடிவர வேண்டும். அதுதான் முறை.

நாங்கள் கோயமுத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து, அந்த முறையை ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தோம்.

முதலில் ஏமாந்தவர் ஆறுச்சாமி மாமாதான். விழித்திருந்த மனுஷனாக இருந்தால் இது பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தவர் முன்னால் புகை, வெளிச்சம், பிளிறல். முப்பது வருஷப் பழக்கம் அவரைத் தூக்கி நிறுத்தியது.

"ஆனை பூந்துருச்சு! அடிங்கடா தகரத்தை!"

வாழ்க்கையில் யாரையும் "ங்க" போடாமல் கூப்பிட்டிராத மனுஷர் "டா" போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். போண்டாத் தாம்பாளத்தைக் கவிழ்த்து, கரண்டியால் ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். ஸ்டீபன் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தான். மாமா நாலில் அடித்தார். (எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், "சூப்பர் ஐடியா" என்று சிலிர்த்தான்.)

"மாமா, அது பாட்டுங்க! பாட்டுங்க மாமா!" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்புறம் அவர்கள் வந்தார்கள். கிழக்கு வேலியைத் தாண்டி ஒரு கூட்டம், வாய்க்கால் வழியாக ஒரு கூட்டம். கையில் டார்ச், எண்ணெய்த் தகரம், தீப்பந்தம். "எங்கடா, எங்கடா?" என்று கத்திக்கொண்டே வந்தவர்கள், ஆறுச்சாமி மாமா தாம்பாளத்தோடு குதிப்பதைப் பார்த்ததும் மறுபேச்சுப் பேசாமல் அவரோடு சேர்ந்து அடித்தார்கள். யாரோ ஒருவர் கொளுத்திப் போட்ட வெடி ஆம்பிளிபயருக்குப் பக்கத்தில் வெடித்தது. எங்கள் ரசிகர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார்கள். மேடையிலிருந்த ஸ்டீபன், ஜனங்கள் தன் தாளத்தில் சொக்கி உள்ளூர் வாத்தியங்களோடு கலந்துகொண்டதாக நினைத்து, கண்ணில் நீர் மல்க இன்னும் வேகமாக அடித்தான்.

பொள்ளாச்சி பேங்க் ஆபீசர் என் தோளைத் தொட்டு, "பிரமாதமுங்க. இவங்க எந்த ஊர் குரூப்புங்க?" என்றார்.

பட்டென்று எல்லாம் அணைந்தது. மோட்டார் ரூம் வாசலில் சுவிட்சைப் பிடித்தபடி ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். நாச்சிமுத்து. சுமதியின் தாய்மாமன்; தோப்பை ஒட்டி மேற்கே இருக்கும் வாழைத்தோட்டத்துக்குச் சொந்தக்காரர். காவலுக்குப் போட்டிருந்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

"ஆனை எங்கீங்க மச்சான்?" என்று இளைக்க இளைக்கக் கேட்டார்.

ஆறுச்சாமி மாமா தாம்பாளத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது வந்துங்க..." என்றேன் நான். "பாட்டுங்க."

அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அந்த அமைதியில்தான் மேற்கேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. மொளுக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மொளுக். வாழை மரம் முறிகிற சத்தம். நிதானமாக, அவசரமே இல்லாமல்.

யானை வந்திருந்தது. எங்களிடம் அல்ல. காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் கிடந்த நாச்சிமுத்துவின் தோட்டத்துக்கு.

எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் ரசிகர்களை வேனில் ஏற்றினேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த மட்டில் மலைமேல் இருக்கிற ஆண்டவனுக்குக் கும்பிடு. ஆனால் என் புத்தியைச் சொல்கிறேன், கேளுங்கள். வருங்கால மாமனார் மானம் போயிற்று, தாய்மாமன் வாழை போயிற்று, என் கல்யாணம் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது, "ஐயோ, கடைசிப் பகுதி வாசிக்கவே இல்லையே" என்பதுதான்.

மறுநாள் காலையில் அப்பாவும் அம்மாவும் நானும் மன்னிப்புக் கேட்கப் போனோம். இறங்குகிற இடம் வந்ததும், "பம்பு கம்பெனியில இருக்கறவன் பம்பைப் பாத்துட்டு இருந்திருக்கலாம்" என்றார் அப்பா.

வாசலில் கட்டில் போட்டு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். முக்கால் தோட்டம் போய்விட்டிருந்தது. எல்லாம் குலை தள்ளின வாழை. ஆறுச்சாமி மாமா தூணோரம் நின்று கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கொங்குக்காரர்கள் திட்டும்போதும் மரியாதையை விடமாட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் உபசரிக்கிறார்கள் என்றே நினைப்பார்.

"ஏனுங்க தம்பி, நீங்க படிச்சவங்கதானுங்களே?" என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்க."

"அப்பறம் ஏனுங்க இப்படிச் செஞ்சுபோட்டீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே அடுத்ததைக் கேட்டார்.

"எத்தனை பாட்டுங்க பாடுனீங்க?"

"ஒண்ணுதானுங்க."

"ஒண்ணா!" நாச்சிமுத்து கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். "வெளிச்சத்துல ஆரம்பிச்சீங்க, ஊரே வந்து சேர்ற வரைக்கும் ஒரே பாட்டுங்களா?"

"அதுவும் முடியலீங்க" என்றேன். (இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா என்னைக் கிள்ளினார்.)

அவர் ஆறுச்சாமி மாமா பக்கம் திரும்பினார். "மச்சான், வாழை போனாப் போகுதுங்க, வாழை வெச்சா வருமுங்க. நம்ம அம்மணியை இவரை நம்பி எப்படிங்க அனுப்பறது? நாளைக்கு ஊட்டுக்குள்ளயும் மட்டையைக் கொளுத்திப்போட்டு இதே கூத்து அடிச்சாருன்னா புள்ள எங்கீங்க ஓடும்?"

"ஆனைன்னு மொதல்ல கத்துனது நானுங்க" என்றார் ஆறுச்சாமி மாமா, கூரையைப் பார்த்தபடியே.

"நீங்க தூங்கி எந்திரிச்சவருங்க. இவரு முழிச்சுட்டே செஞ்சவருங்க." நாச்சிமுத்து அப்பாவைப் பார்த்துக் கை கூப்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. உப்புச் சர்க்கரையைத் திருப்பிக்கலாமுங்க. நீங்க வேற எடம் பாருங்க, நாங்களும் பாத்துக்கறோம்."

தாய்மாமன் வேண்டாம் என்றால் எங்கள் பக்கம் கல்யாணம் நகராது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் அப்பா, பெற்ற தகப்பன், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நியாயந்தானுங்க" என்றார்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் கரண்ட் போனாலும், மிக்ஸி நின்றாலும், மகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிற புத்திமதி நடுவில் போன் வந்து அறுந்தாலும், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுச் சிரிக்கிறார்கள். விசேஷ வீடுகளில் நாச்சிமுத்துவே என்னைப் பார்த்து அதைக் கேட்கிறார். அந்தக் கேள்வி முதன்முதலில் கேட்கப்பட்டது அந்த வாசலில்தான். நாங்கள் கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பாதையில் மொபெட் சத்தம் கேட்டது.

பால் சொசைட்டிக்குப் போய்விட்டு சுமதி வந்தாள். காலிப் பால்கேனை இறக்கி வைத்தாள். கலங்கி நிற்கிற என் அம்மாவையும், கூரையைப் பார்க்கிற தன் அப்பாவையும், ஒற்றைச் செருப்போடு நிற்கிற என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வா கண்ணு" என்றார் நாச்சிமுத்து. "நீயே சொல்லிப்போடு. இந்தச் சம்பந்தம் வேணுமா, வேண்டாமா?"

"அதைச் சித்த நேரங்கழிச்சுப் பேசிக்கலாமுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, சுமதி என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நேத்து நான் மொட்டை மாடியிலதானுங்க இருந்தேன். அந்தச் சத்தமெல்லாம் அடங்குனதும் என்னமோ நல்லதா வரப்போற மாதிரி இருந்துதுங்களே. பாதியில நின்னுபோச்சு. மிச்சம் எப்பங்க?"